அந்தச் சம்பளத்துக்கு நான் சரி சொன்னது

கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் சின்னக் கப்பல்களில் நான் கேப்டன். ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில். கப்பல் என்றாலே பெரிய சம்பாத்தியம் என்று ஊரில் நினைப்பு. ஏழு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் கிடந்தபோது, யார் கேட்டாலும் "லீவு" என்றுதான் சொன்னேன்.

மனைவி அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். காலையில் மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவள் போனபிறகு நான் உலை வைப்பேன், துணி காயப்போடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் துணியை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

வேலை வராமல் இல்லை. வந்தவை அப்படிப்பட்டவை. வளைகுடாவில் ஒரு பழைய படகு. ஏறினவர்களுக்கு மாசக்கணக்கில் சம்பளம் வரவில்லை என்று தெரிந்தவர்கள் எச்சரித்தார்கள். ஆப்பிரிக்காவில் ஒன்று, அங்கே கொள்ளைக்காரர்கள் ஆளையே தூக்கிக்கொண்டு போவார்கள். மூன்றாவது மும்பைக்கு மேற்கே. நல்ல படகு. ஆனால் சம்பளம், நான் முன்பு வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். படகிலிருந்து இறங்கி வீட்டில் இருக்கும் நாளுக்குச் சம்பளமே இல்லை.

நரிக்குடிக்காரன் ஒருவன் எனக்குச் சிநேகிதன். இரண்டு பேரும் ஒரே வருஷம் டெக் கழுவும் ஆளாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி எழுதிக் கேப்டன் ஆனவர்கள். அவனும் அப்போது சும்மா இருந்தான். மும்பை வேலைக்கு அவனையும் கேட்டிருந்தார்கள். பாளையம்பட்டியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம்.

"ஏலே, போன வருஷம் கேப்டனுக்கு அடுத்த ஆளுக்குக் குடுத்ததை இப்ப கேப்டனுக்குக் குடுக்கேங்கிறான்," என்றான். "ஒருத்தன் ஒத்துக்கிட்டா அப்புறம் அதேதான் எல்லாத்துக்கும். நான் போகல. நீயும் போகாத."

"போகமாட்டேன்," என்றேன். அந்த நேரத்தில் மனசாரத்தான் சொன்னேன்.

பத்து நாள் கழித்து, ஆள் எடுக்கும் ஆபீஸிலிருந்து, மும்பை வேலையை முதலில் சொன்ன பெண் மறுபடியும் போன் பண்ணினாள். எப்போதும்போல மரியாதையாகத்தான் பேசினாள். உங்கள் பக்கத்துக் கேப்டன் ஒருவர் இதே சம்பளத்துக்குத் தயாராக இருக்கிறார், உங்களுக்கு அனுபவம் கூட என்பதால் முதலில் கேட்கிறேன், சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்றாள்.

எங்கள் பக்கத்தில் வேறு எந்தக் கேப்டன் இருக்கிறான்? நரிக்குடிக்காரன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். போடவில்லை. ஆமாம் என்று அவன் சொன்னால் தாங்கமாட்டேன். இல்லை என்று சொன்னால் நானும் மறுத்தாக வேண்டும். உண்மையில் இரண்டாவதுக்குத்தான் அதிகம் பயந்தேன். நாலு மணிக்குச் சரி என்று செய்தி அனுப்பிவிட்டேன்.

மனைவி வேனிலிருந்து இறங்கி வந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும், "நல்லதுங்க," என்றாள். பிறகு முகம் கழுவப் போனவள் திரும்பி, "நரிக்குடி அண்ணனும் வாராகளா?" என்று கேட்டாள்.

"தெரியல," என்றேன்.

படகில் ஏறின நேரம் மழைக்காலம். மேடையின் இரும்புக் கால்களில் இடிக்காமல், கிரேன் சாமானைத் தூக்கி முடிக்கும்வரை, அந்த அலையில் படகை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். சம்பளம் குறைந்ததால் அலை குறையவில்லை. பன்னிரண்டாம் நாள் டீசல் பிடிக்கத் துறைமுகத்துக்கு வந்தபோது அவன் போன் வந்தது.

"ஏலே, போட்லயா இருக்க?"

"ஆமா."

"அந்தச் சம்பளத்துக்கா?"

"நீ ஒத்துக்கிட்டேன்னு சொன்னாங்க," என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் சொன்னான்: "என்கிட்டயும் அதையேதான் சொன்னா. உங்க ஊர்ப்பக்கத்து ஆளு ஒருத்தர் ரெடியா இருக்காருன்னு. அவன் அப்பிடிச் செய்யமாட்டான்னு சொல்லிட்டு நான் வச்சிட்டேன்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். "டிவியில காத்து பலமா இருக்கும்னு போட்டிருக்கான். பாத்து இரு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ஒப்பந்தம் முடிந்து இறங்கினேன். அடுத்த தடவை சம்பளத்தைக் கூட்டிக் கேட்டபோது, "போன தடவை இதுக்குத்தானே வந்தீங்க?" என்றாள் அதே பெண். என்னைக் காட்டி எத்தனை பேரிடம் அப்படிக் கேட்டிருப்பாளோ. அவன் கடைசியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இழுவைப் படகுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அங்கே சம்பளம் இன்னும் குறைவு.

போன மாசம் மகளின் சான்றிதழுக்காகத் திருச்சுழி தாலுகா ஆபீஸ் போயிருந்தேன். பட்டா வரிசையில் அவன் நின்றுகொண்டிருந்தான். கண்மாய்க்குத் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினோம். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டோம். படகைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுவரை சேர்ந்தே நடந்தோம். நரிக்குடி பஸ் வந்தது. "வாரேன்," என்று ஏறினான். எங்கள் ஊருக்கும் அதே பஸ்தான். எனக்கு இன்னொரு வேலை இருக்கிறது என்று சொல்லி, அடுத்த பஸ்ஸுக்காக ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.