தாவாங்கட்டையைப் பிடித்த கை

குருமடத்தில் வேதாகமம் படிப்பதற்காகக் கிரேக்கம் கற்றுக்கொடுத்தார்கள். நான் வேதத்தை விட்டுவிட்டுக் காவியத்தைப் பிடித்துக்கொண்டேன். சாமியாராகாமல் விருத்தாசலம் திரும்பியபோது, "அத இங்க யாருகிட்டடா பேசுவ?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டே பதினோரு வருடம் முட்டி மோதி முனைவர் பட்டம் வாங்கினேன். பழைய கிரேக்கக் காவியத்தில் தோற்றவர்கள் எப்படிக் கெஞ்சுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. ஒரு கையால் எதிரியின் முழங்காலைப் பிடித்து, மறு கையால் அவன் தாவாங்கட்டையைத் தொடுவார்கள். அதற்கே தனி அத்தியாயம் எழுதினேன். உங்கள் ஊரில் இப்படி ஏதாவது உண்டா என்று வெளிநாட்டுத் தேர்வாளர் கேட்டார். கோட்டுப் போட்டுக்கொண்டு, இல்லை என்றேன்.

அடுத்த வருடம் என் தம்பி வளைகுடாவில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அவனை அனுப்பிவைத்த திட்டக்குடி ஏஜென்ட் ஒரு தாளை நீட்டினார். நெஞ்சுவலியில் இறந்தான் என்று அப்பா கையெழுத்துப் போட்டால் உடல் வந்துவிடும். அப்பா பேனாவைத் திறந்தேவிட்டார். நான்தான் பிடுங்கினேன்.

"பொய்யில கையெழுத்துப் போடக் கூடாதுப்பா. நான் எழுதுறேன்."

எழுதினேன். நிறுவனத்துக்கும் தூதரகத்துக்கும் நாலு நாலு பக்கம், அப்பழுக்கில்லாத ஆங்கிலத்தில். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆறு வாரம் ஓடியது. ஒரு வரி பதில் இல்லை. அம்மா தினமும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தம்பிக்காகக் கேட்டு வைத்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "வாடா, திட்டக்குடி போவோம்" என்றார்.

ஏஜென்டுக்குத் தம்பி வயதுதான் இருக்கும். அவர் நாற்காலியின் முன்னால் அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். பீங்கான் கம்பெனியில் முப்பது வருடம் மண் பிசைந்து வெடித்துப்போன கைகள். ஒன்று ஏஜென்டின் முழங்காலில். இன்னொன்றால் தாவாங்கட்டையைப் பிடித்தார்.

"தம்பி, எங்க வேணா கையெழுத்துப் போடுறேன். எம்புள்ளைய மட்டும் வூட்டுக்கு அனுப்பிடுங்க. அவங்கம்மா மொகத்தப் பாக்கணுங்கறா."

அட பாவி! ஒரு வாய் சோற்றுக்கு அம்மா பிடித்துக் கெஞ்சாத தாவாங்கட்டையா என்னுடையது? இதையா இல்லை என்றேன்? பதினோரு வருடம் என்ன எழவைப் படித்தேன்?

ஏஜென்ட் அப்பாவின் கையைத் தட்டிவிடவில்லை. அப்படியே உட்கார்ந்து போனில் யாரிடமோ இந்தியில் விசாரித்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாளாயிடுச்சின்னு முந்தாநாளே அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்களாம் சார். அன்னிக்கே அவரக் கையெழுத்துப் போட வுட்டிருக்கலாம் நீங்க."

அப்பா காதில் அது ஏறவில்லை. கையை எடுக்காமலேயே கேட்டார்.

"எங்க போடணும், சொல்லுங்க தம்பி."