சுவரில் இருந்தவரிடம் கேட்டது

எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிற இடத்தில் நான் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். பொறுத்துக்கொள்ளுங்கள். இதை ஒருவரிடமும் வாயால் சொல்ல முடியவில்லை.

பிரெஞ்சு நாட்டில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடைக்கு எதிரே, ஒரு மாடிக் கட்டடத்தின் சுவர் முழுக்க ஒரு கறுப்பினத்தவரின் படத்தை வரைந்தார்கள். மாவு படிந்த மேலங்கி, கையில் ஒரு காகிதம். அந்த வாரந்தான் என் தம்பியை விசா இல்லையென்று சார்செல் போகும் ரயிலில் பொலிஸ் பிடித்து, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். அவனுடைய அகதி வழக்கு ஏற்கெனவே தோற்றிருந்தது. ஊரில் அவனை யார் தேடினார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை நினைத்தால் வேலையில் கை ஓடாது.

கடையில் காசு வாங்கும் அண்ணைதான் படத்தின் கதையைச் சொன்னார்.

"உவர் அடிமையா இருந்தவராம், தங்கச்சி. காசு குடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டு வந்து இந்தத் தெருவிலை பேக்கரி போட்டவராம். அந்த உழைப்பிலை மற்ற ஆக்களையும் மீட்டவராம். ஒருத்தரும் அடிமையா இருக்கக்கூடாதெண்டு கூட்டமும் போட்டவராம்."

"கையிலை என்ன அண்ணை?"

"விடுதலைப் பத்திரம். அந்தக் காலத்து விசா எண்டு வையுங்கோவன். தம்பிக்கும் ஒண்டு கேட்டுப் பாருங்கோ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஞாயிறு காலை தெரு வெறிச்சென்று கிடந்தது. கோயிலில் வேண்டியாயிற்று. வக்கீலும் கையை விரித்தாயிற்று. சுவரின் அடியில் கற்பூரம் கொளுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "ஐயா, என்ர தம்பியையும் மீட்டு விடுங்கோ."

கண்ணைத் திறந்தபோது படத்தில் அவருடைய சப்பாத்துக் காலில் கற்பூரக் கரி ஏறியிருந்தது. சால்வையால் துடைத்தேன். இன்னும் பரவியது.

அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு கறுப்பினப் பெண் குப்பைப் பையோடு வந்தார். "என்ன செய்கிறீர்கள், மேடம்? இந்தப் படத்துக்காக நாங்கள் எத்தனை கதவு தட்டினோம் தெரியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சும் அந்த நேரம் வரவில்லை. "என் தம்பி... பேப்பர் இல்லை... விமானம்" என்று மட்டும் சொல்லி, படத்தில் இருந்த காகிதத்தைக் காட்டினேன்.

அவர் சுவரை அண்ணாந்து பார்த்தார். "அவர் சாமி இல்லை, மேடம். மனிதர். செத்துப் போனவர்" என்றார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, அகதிகளுக்கு உதவும் ஒரு சங்கத்துக்குத் தன் போனில் அழைத்தார். திங்கட்கிழமை போன் எடுக்கும்படி பதிவுக் குரல் சொன்னது. இன்னொரு சங்கத்துக்கு அழைத்தார். அங்கேயும் அதுதான்; என் போன் நம்பரைக் கேட்டு அதில் சொல்லி வைத்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, நாளைக்கு விடிய ஏத்துறாங்களாம். உடுப்பு ஒண்டும் கொண்டு வராதேங்கோ, உள்ளை விடமாட்டாங்கள்."

மறுநாள் விடியற்காலை தம்பியைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். சங்கத்திலிருந்து காலையில் எனக்குப் போன் எடுத்தார்கள். நான் அப்போது கடையில் இருந்தேன்.