அமத்தாத பொத்தான்

ஏணைக்குள் பேத்தி கண்ணயர்ந்ததும் மருமகன் ஜெயதீபன் கைக்கடிகாரத்தின் பொத்தானை அமத்தி நேரத்தை நிறுத்துவார். "நேற்றையிலும் கெதி, மாமா" என்று என் காதுக்குள் சொல்லுவார்.

பிள்ளைக்குத் துணி மாற்றினாலும் அப்படித்தான். இணுவில் தோட்டக்காரரின் தண்ணீர் இறைக்கும் மிசின்களைத் திருத்துவது என் மருமகனின் தொழில். மிசின் தண்ணீரைக் கக்கத் தொடங்கினால் முதலில் பொத்தான், பிறகுதான் தேத்தண்ணீர். "தாலி கட்டி முடிச்ச உடனையும் உவர் மணிக்கூட்டை அமத்தினவர், அப்பா. நான் கண்டனான்" என்கிறாள் என் மகள் கோபிகா.

எல்லாம் ஓரியன்டீரிங் பழக்கம். புறப்படும்போது கையில் ஒரு வரைபடம் தருவார்கள். ஊருக்குள் அங்கங்கே கட்டியிருக்கும் கொடிகளை வரிசைப்படி தேடிப் போய், ஒவ்வொன்றிலும் தொங்குகிற குத்தியால் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டும். முதல் வந்து சேர்ந்தவர்தான் முதலாமிடம் என்று நினைத்து, ஒருமுறை யாருக்கோ பலமாகக் கைதட்டிவிட்டேன். மருமகன் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இடைவெளி விட்டுத்தானே ஒவ்வொருத்தரையும் ஓட விடுறவை, மாமா. ஆர் முன்னுக்கு வந்தது எண்டில்லை, ஆருக்கு நேரம் குறைவு எண்டுதான் பாக்கிறது. ஒரு கொடியை விட்டாலும் இடமே இல்லை. பேர் அடியிலை இலக்கம் இல்லாமல் கிடக்கும்."

"கடைசி இடமாவது குடுக்கமாட்டினமோ?"

"கடைசியா வாறவனுக்கும் ஒரு இலக்கம் இருக்கு, மாமா."

நல்லூரில் பிரகலாதன் என்று ஒருவர் இருக்கிறார். எந்தப் போட்டியிலும் அவர் முதலாவது, எங்கள் ஆள் இரண்டாவது. இந்த முறை போட்டி எங்கள் ஊரிலேயே. பேத்தி பிறந்து கொஞ்ச நாள்தான். "முதலாமிடப் பதக்கத்தை ஏணைக் கயிற்றிலை கட்டுவன்" என்று மருமகன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். "அப்ப இரண்டாமிடப் பதக்கம் எல்லாத்தையும் எங்கை கட்டுறது? கூரை வளை தாங்காது" என்றாள் கோபிகா.

அன்று அவர் ஓடின ஓட்டத்துக்கு நாய்களே விலகி நின்றன. ஆனால் ஒரு கொடி கோயில் வெளிவீதி வேம்பில் கட்டியிருந்தது. பிள்ளை பிறந்த துடக்கு முப்பத்தோராம் நாள்தான் கழியும். அதுவரை தகப்பன் கோயில் எல்லைக்குள், வெளிவீதியில்கூட, கால் வைக்கமாட்டார். எதிர்க் கடை வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருக்க, ஓடிவந்தவர் வெளிவீதி வாசலில் பிரேக் போட்டதுபோல நின்றார்.

கொடிக்குக் காவல் நின்ற கஜந்தினி கூப்பிட்டாள். "என்ன ஜெயதீபன் அண்ணை, வேர் விட்டிட்டியளோ? வாங்கோவன்."

"துடக்கு, பிள்ளை."

"அப்ப குத்தியை அவிழ்த்துக்கொண்டு வெளியிலை வாறன். ஆர் காணப்போகினம்?"

"கொடி அந்த வேம்பிலை எண்டுதானே வரைபடத்திலை கிடக்கு. இஞ்சை நிண்டு குத்தினால் இது வேறை இடம்."

"உங்களோடை கதைக்கேலாது, அண்ணை."

பந்தியில் இருக்கமுடியாதவன் பாயாசத்தைப் பார்ப்பதுபோல அந்தக் கொடியை ஒருதரம் பார்த்துவிட்டு, அடுத்த கொடிக்கு ஓடினார்.

பிறகு பெயர்களை ஒட்டினார்கள். பிரகலாதனின் நேரத்தைவிட இவருடைய நேரம் குறைவு. ஆனாலும் பெயர் எல்லாருக்கும் கீழே, இலக்கம் இல்லாமல். பிரகலாதன் பதக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஓய், நீர் என்னிலும் கெதி. இந்த முதலாமிடம் எனக்குத் தொண்டைக்குள்ளை நிக்குது."

"தண்ணி குடிச்சு விழுங்கும். சட்டம் சட்டம்தான்."

வீட்டில் கோபிகா, "இரண்டாமிடமும் போச்சோ?" என்று கேட்டாள். அவர் ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தார். பேத்தி உறங்கினாள். விரல் பொத்தானுக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. திருத்தின மிசின் தண்ணீரைக் கக்கியபோதும் போகவில்லையாம். போட்டியில் ஓடத் தொடங்கின மணிக்கூடு இன்னும் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

துடக்குக் கழிந்து, முழுகி, பேத்தியைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். பட்டுச் சட்டைக்குள் அவள் ஒரு சின்ன அம்மனைப்போல இருந்தாள். நாங்கள் உள்ளே போகத் திரும்ப, மருமகனைக் காணவில்லை. பிள்ளையோடு வேம்படியில் நின்றார். கொடி கட்டின நூல் இன்னும் மரத்தில் கிடந்தது. பேத்தியின் பெருவிரலைப் பூப்போலப் பிடித்து, நூலுக்குக் கீழே மரத்தில் ஒருதரம் ஒற்றினார். பிறகு கைக்கடிகாரத்தின் பொத்தானை அமத்தினார்.