இருபதா, இருபத்துநாலா

என் மகள் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவள். கம்ப்யூட்டர் படிப்பை முடித்து, ஓர் ஆபீசில் ஒன்றரை வருடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது எனக்கு ஆகாதுங்கப்பா" என்று எழுந்து வந்து கேமராவைத் தூக்கினாள். இப்போது இருபத்தாறு வயது. இரண்டு மாதங்களுக்கு முன்பு காரமடைப் பக்கம் ஒரு புதுமனைப் புகுவிழாவில், படம் எடுத்துக்கொண்டே பின்னால் நடந்தவள், மூடி திறந்து கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தாள்.

வீடு என் மனைவியின் சித்தப்பா மகனுடையது. அதனால் நானும் போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் குடும்பப் படம் எடுப்பது ஒரு தனிக்கூத்து. யாரும் யாரையும் மறைத்து நிற்க மாட்டார்கள். "நீங்க நடுவுல வாங்க மாமா." "அட நீங்க இருங்க, நானு இப்படி ஓரமா நின்னுக்கறேன்." "அதெப்படிங்க, அக்கா நிக்கட்டும்." இப்படி ஆளாளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, இரண்டு வரிசையில் அடங்க வேண்டிய இருபது பேர் வாசலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரே வரிசையாக நீண்டுவிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். வரிசையின் கடைசி ஆள் நான்.

"கண்ணு, நானு தெரியறனா? இன்னும் ரெண்டு அடி பின்னால போ" என்றேன்.

போனாள். சமையல்காரர்கள் தண்ணீர் மொள்ளுவதற்காகத் தொட்டியின் மூடியைத் தள்ளி வைத்திருந்தார்கள். இருபது பேர் அவளுக்கு நேர் எதிரே நின்றோம். ஒருவர் கண்ணிலும் தொட்டி படவில்லை. எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மார்பளவுத் தண்ணீர் இருந்தது. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதை நிறுத்தும்படி மருத்துவரே சொல்லிவிட்டார். இடது தோள்பட்டை எலும்பில் விரிசல், காதுக்குப் பின்னால் நான்கு தையல். கேமராவும் அதிலிருந்த லென்ஸும் தண்ணீரோடு போயின. வந்தவர்கள் எல்லோரும் சமையல்காரர்களைத் திட்டினார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகத் திட்டியவன் நான். பின்னால் போகச் சொன்னது என் வாய்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கை சரியானதும் சிநேகிதி ஒருத்தியிடமிருந்து பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டாள். அதற்கு அகலமாகப் பார்க்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். இருபது மில்லிமீட்டர், இருபத்துநாலு மில்லிமீட்டர் என்று இரண்டு வகை அவள் மனதில் இருந்தன. எண் குறையக் குறைய அதிகம் பேரை உள்ளே வாங்கும் என்றாள். இரண்டிலும் ஜூம் கிடையாது. தூரம் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் எடுப்பவர்தான் நடக்க வேண்டும்.

"அப்ப ஜூம் இருக்கறதே வாங்கிக்கலாமே சாமி?" என்றேன்.

"மண்டபத்துல வெளிச்சம் பத்தாதுங்கப்பா. இருட்டுல இதுதான் நல்லா எடுக்கும்."

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடையில் இரண்டையும் மூன்று நாளைக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். பார்த்துவிட்டு எது வேண்டுமோ அதை வாங்கிக்கொள்ளலாம். எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. அவள் பின்னால் போக வேண்டிய தூரம் குறையும் என்பதால் இருபதுதான் என்று முடிவு செய்திருந்தேன்.

முதல் நாள் மொட்டை மாடியில் இருபது அடிக்கு நாற்காலிகளையும் பூந்தொட்டிகளையும் வரிசையாக வைத்தேன். ஒரு கோடியில் மனைவியை நிறுத்தினேன். மகள் எங்கே நின்றால் வரிசை முழுதும் உள்ளே வருகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டு டேப்பால் அளந்தேன். இருபதுக்குப் பதினோரு அடி. இருபத்துநாலுக்குப் பதின்மூன்றைத் தாண்டியது.

"பாத்தயா, ரெண்டு அடிக்கு மேல மிச்சம்" என்றேன். மகள் படத்தை அம்மாவிடம் காட்டினாள்.

"இதென்னடி, என்னைய ஆட்டுக்கல்லாட்ட ஆக்கிப்போட்ட?"

"நான் ஆக்கலீங்கம்மா. லென்ஸு ஆக்கிப்போட்டுது. இருபதுல ஓரத்துல நிக்கறவங்களை அகலவாக்குல இழுத்துப்போடும்."

"உங்கப்பனுக்கு இதுதான் வேணுமாமா. அவரையும் ஓரத்துல நிக்க வச்சு ஒண்ணு எடு."

எடுத்தாள். பப்பாளியைப் படுக்க வைத்ததுபோல இருந்தது என் தலை. இருபத்துநாலில் எடுத்ததில் என் தலை என் தலையாகவே இருந்தது.

"மூஞ்சி கொஞ்சம் அகலமா வந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது" என்றேன்.

"ஓரத்துல நிக்கறது யாருங்கப்பா? அடுத்தவங்களுக்கு எடம் உட்டுட்டு ஒதுங்குனவங்க. அவங்களையே இப்படி எடுத்துக் குடுக்கறதுங்களா? ஆயுசுக்கும் ஆல்பத்துல இருக்குமுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

மூன்றாம் நாள் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் காதுகுத்து. விழுந்த பிறகு அவள் ஒப்புக்கொண்ட முதல் வேலை. நான் லீவு போட்டுவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். இறங்கியதும் சுற்றிப் பார்த்தேன். தென்னைக்குச் சொட்டுநீர்க் குழாய்கள், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, பாதி மூடிய உரக்குழி, முழங்கால் உயரச் சுவரோடு ஒரு கிணறு. வீட்டுக்காரர் காபி கொடுத்தார். கிணற்றுக்கு ஏன் கம்பி வலை போடவில்லை என்று கேட்டேன். "போடோணுமுங்க" என்றார்.

மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்தி முடித்ததும் குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டாள். கேமராவில் இருபத்துநாலைத்தான் மாட்டியிருந்தாள். வாங்க, நீங்க வாங்க, இல்லீங்க நீங்க நில்லுங்க என்று வரிசை நீளத் தொடங்கியது. அவள் ஓரடி பின்னால் வைத்தாள். ஓடிப்போய் அவள் முதுகுக்கு நாலடி பின்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

வரிசையிலிருந்த ஓர் அம்மா கேட்டார், "ஏனுங்க, கோழி புடிக்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் திரும்பிப் பார்த்தாள். கேமராவை இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நீங்க பொறத்தால நிக்கறது தெரிஞ்சா நான் திரும்பியே பாக்க மாட்டேனுங்கப்பா. அப்பா இருக்காருன்னு வந்துட்டே இருப்பேன். அன்னிக்கும் அப்படித்தான். நீங்க போகச் சொன்னீங்க. பாத்துட்டுத்தான் சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. வெயில் அதிகம் என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

"இனி யார் சொன்னாலும் நானே பாத்துக்கறேனுங்க. நீங்க போயி அவங்க பக்கத்துல நில்லுங்க."

போய் நின்றேன். அவள் திரும்பித் தரையைப் பார்த்தாள். குறுக்கே கிடந்த குழாயைக் காலால் ஒதுக்கினாள். ஓரடி வைத்தாள். மறுபடி பார்த்தாள். இன்னோரடி. வரிசைக் கோடியிலிருந்து பெரியவர் ஒருவர், "அம்மணி, நானு தெரியலீன்னு நெனைக்கறேன்" என்றார்.

"தெரியலீன்னா நீங்கதானுங்க உள்ள வரோணும். நான் இதுக்கு மேல போறதில்லீங்க."

பெரியவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அவர் வந்ததைப் பார்த்து இன்னும் நாலு பேர் நகர்ந்து முன்வரிசையாக நின்றார்கள். அவள் படத்தை எடுத்தாள்.

திரும்பும்போது காரில் நான்தான் ஆரம்பித்தேன். "பின்னால போகச் சொன்னது நானுன்னு யாருகிட்டயும் சொல்லல கண்ணு. உங்கம்மாகிட்டக்கூட."

"அம்மாவுக்குத் தெரியுமுங்கப்பா. ஆஸ்பத்திரியிலயே என்னைக் கேட்டாங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டாருன்னாங்க."

காரை ஓரமாக நிறுத்தினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, நான் துடைத்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

கடைக்குப் போனபோது விளக்குப் போட்டிருந்தார்கள். இரண்டு லென்ஸையும் மேசையில் வைத்தோம். எது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள்.

"இருபத்துநாலு" என்றேன்.

வெளியே வந்ததும் புது லென்ஸை மாட்டி, "அப்பா, அப்படியே நில்லுங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் ரோடு. தோளுக்கு மேலே ஒரு முறை பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனாள். ஸ்கூட்டர் ஒன்று அவளை ஒட்டிக் கடந்து போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் படத்தில் என் இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருக்கின்றன. எப்போது நீட்டினேன் என்று எனக்குத் தெரியாது.