மலை வளைவில் ஓர் எலுமிச்சம்பழம்

மகள் கல்வராயன் மலையில் நர்ஸாகச் சேர்ந்ததிலிருந்து என் மனைவி அங்கே போனதே இல்லை. வளைவு வந்தால் அவளுக்குக் குமட்டும். அதனால் கார் வாங்குமுன் இரண்டு சின்ன எஸ்யூவிகளை அந்த மலையிலேயே ஓட்டிப் பார்த்தோம். முதல் வண்டி நல்ல உயரம், வானம் தெரியும் கூரை. பாதி மலையில், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே "நிறுத்துங்க" என்றாள். திரும்பிவிட்டோம்.

இரண்டாவது கொஞ்சம் குட்டை, ஆடாமல் திரும்பியது. வளைவுகள் வந்தன, போயின. மேகம் கண்ணாடியை உரசிப் போயிற்று. நான் அவளையே பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

"என் மூஞ்சில இன்னா இருக்குது? ரோட்டைப் பாருங்க."

உச்சியில், ஆஸ்பத்திரி வாசலில், மகள் ஓடி வந்து கதவைத் திறந்தாள். இறங்கிய மனைவி, இந்தத் தடவை முகராத பழத்தை என் கையில் வைத்தாள்.

"இந்த வண்டியே எடுங்க. பூஜைக்கு டயருக்கு அடியில வெக்க இது ஆவும். எனக்கு இனிமே வேணாம்."