மேலே ஒட்டின டேக்

விரிஞ்சிபுரத்தில் தொடங்கி, ஹைவே பிடித்து, ஆம்பூர் ஷூ கம்பெனி வரை பெண்களை ஏற்றிப்போகிற வேன் என்னுடையது. படிப்பு கம்மி. காது மட்டும் நல்ல காது. பின்னாலிருந்து யாராவது ஒரு சொலவடையை எடுத்து விட்டால் எனக்கு கியர் மாற்றக்கூடத் தோன்றாது. சொன்னவளிடம் கேட்டுக்கொண்டு, போனில் திரும்பச் சொல்ல வைத்துப் பதிந்து, ஒரு இணையதளத்தில் போடுவேன். ஊர் ஊராக ஆட்கள் தங்கள் பேச்சைப் போட்டுவைக்கிற இடம் அது.

அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் கீழே டேக் ஒட்டலாம். இது எதைப் பற்றியது என்று சொல்கிற சின்னச் சீட்டு மாதிரி. போட்டவன்தான் ஒட்டணும் என்றில்லை, கேட்கிற யாரும் ஒட்டலாம். நாலு பேர் ஒரே டேக்கை ஒட்டிவிட்டால் அடுத்து வருகிறவனுக்குத் தளமே அதை நீட்டும், ‘இதையும் சேர்க்கலாமா?’ என்று. விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்; நிறையப் பேர் தட்டினது மேலே ஏறிவிடும். கூட்டத்தோடு கோவிந்தா.

என் வேனில் முன்சீட்டுக்காரி ஒருத்தி. தையல் பிரிவு. புருஷன் பெங்களூரில் வேலை, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். அவளை லைன் லீடர் ஆக்கலாமா என்று கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பள்ளிகொண்டா தாண்டி ஒரு லாரி குறுக்கே வர, பிரேக்கில் ஏறி நின்றேன். முன்னால் போய்த் திரும்பிய வேகத்தில் அவள் முதுகு சீட்டுக் கம்பியில் மோதியது. மனசு கேட்காமல் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்:

“அடிக்கிற கைதான் அணைக்கும்ன்றாங்க. அணைக்கிற வரைக்கும் முதுகு இருக்கணுமேண்ணா!”

வேனே குலுங்கிச் சிரித்தது. “போட்டுக்கோண்ணா, பேரு மட்டும் வேணாம்” என்றாள். போட்டேன். வேன், பிரேக், டீ, ஆம்பூர் என்று டேக்கும் ஒட்டினேன்.

ஆம்பூர் என்றதும் யாரோ ‘ஷூ கம்பெனி’ என்று ஒன்று ஒட்டினார்கள். அதைப் பார்த்த இன்னொருவர் ‘டார்கெட்’ என்றார். பிறகு ‘சூப்பர்வைசர் கொடுமை’ வந்தது. தளம் அதை எல்லோருக்கும் நீட்ட, எல்லோரும் தட்டினார்கள். என்னுடைய பிரேக்கும் டீயும் எங்கேயோ அடியில் போய்விட்டன. அவள் சொன்னது என்னை. ஊர் கேட்டது கம்பெனியை.

ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் கம்பெனியை வந்து பார்க்கிற சமயம் வேறு. காலையில் கேட்டில் செக்யூரிட்டி ஜன்னலைத் தட்டினார். “ஹெச்.ஆர். மேடம் கேக்குறாங்க. எவ குரலோ போன்ல சுத்துதாம், உன் வேன் பொம்பளதான்னு பேச்சு. நாளைக்குச் சாயங்காலம் அவளையும் கூட்டிக்கினு வா.”

அங்கேயே பதிவை அழித்தேன். அழித்து என்ன? அதற்குள் ஆளாளுக்கு எடுத்து அந்தத் தளத்திலேயே தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள், அந்த டேக்கோடேயே. பானையைக் கவிழ்த்துவிட்டேன், தண்ணீர் தெரு முனை போய்விட்டது.

மறுநாள் காலை முன்சீட்டுக்காரி வேனில் ஏறினாள். அவள் கைப்பையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “உங்க பிரேக்கைச் சொன்னேன்னு சொன்னா நம்புவாங்களாண்ணா?” என்றாள்.

கட்டிங் பிரிவுப் பெண் ஒருத்தி பின்னாலிருந்து கேட்டாள். “வெட்டின தோல் பண்டல்ல தப்பு சீட்டு ஒட்டிட்டா இன்னாடி பண்ணுவோம்?”

“கிழிப்போம்” என்றாள் பக்கத்துச் சீட்டுக்காரி.

“கிழிச்சா தழும்பு தெரியும், சூப்பர்வைசர் கேள்வி கேப்பான். மேலயே புதுசா ஒண்ணு ஒட்டி அனுப்புவோம். அதயே பண்ணுவோம்.”

“புதுசா இன்னாத்த ஒட்றது?”

“அடிக்கிற கை, அணைக்கிற கைன்னா வேற யாருடி? மாமியாரு!”

 போன்கள் வெளியே வந்தன. மாதனூர் வருவதற்குள் வேன் முழுக்க அந்தப் பதிவுகளில் ‘மாமியார்’ என்று ஒட்டி முடித்தது. ஒருத்தி மேல்விஷாரத்துத் தோஸ்துக்கு அனுப்பினாள், இன்னொருத்தி அக்கா தங்கைகள் குரூப்பில் போட்டாள். மருமகள்களுக்குச் சொல்லியா தரணும்? மத்தியானத்துக்குள் தளமே வருகிறவர்களுக்கெல்லாம் ‘மாமியார்’ என்று நீட்ட ஆரம்பித்துவிட்டது. அன்று காலை வேனில் முன்சீட்டுக்காரி மட்டும் ஒட்டவில்லை. “அவங்கதாங்க என் கொழந்தைய பாத்துக்குறாங்க” என்று மெதுவாகச் சொன்னாள். சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை. எனக்கு விழுந்தது.

சாயங்காலம் மேடம் அறையில் இரண்டு பேரும் நின்றோம். மேடம் போனைத் தட்டினார். அவள் குரல் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது.

“இது நீதானே?”

“நான்தான் மேடம்.”

“யாரைச் சொன்ன?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், “அதுல மேல போட்டிருக்கே மேடம்” என்றாள்.

மேடம் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு அவர் உதடு ஒரு பக்கம் கோணியது. “எங்க வீட்டுக்கும் பொருந்தும். போ. இனிமே வேன்ல பேசுறத வேன்லயே வச்சிக்கோங்க.”

திரும்பும்போது வேனில் ஒரே கூத்து. அவள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “வேலை தப்பிச்சிது இல்ல, சிரியேன்டி” என்றார்கள். “ஊட்ல கொழந்தைய பாத்துக்கலன்னா அந்த வேலைக்கு எவ போறது?” என்றாள். ஒவ்வொரு போனாகப் பைக்குள் போனது.

விரிஞ்சிபுரம் ஸ்டாப்பில் மாமியார் நின்றிருந்தார். இடுப்பில் குழந்தை, கையில் போன். எந்த வீட்டுப் பிள்ளை போட்டுக் காட்டியதோ. மருமகள் இறங்கினாள். அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாடி, முதுகு இருக்குதா? திரும்பு, பாக்கலாம்.”

“அத்தே, அது உங்களச் சொல்லலத்தே...”

குழந்தையை அவள் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் இறங்கி ஓடி, “அம்மா, என்னத்தான் சொன்னா, என் பிரேக்கத்தான்” என்றேன். “ஊரே ஒட்டியிருக்குது, நீ ஒருத்தன் சொல்லிட்டா ஆச்சா?” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் காலை வழக்கத்துக்கு மேலாகவே ஹாரன் அடித்தேன். ஆளைக் காணோம். கிளம்பலாம் என்று கியர் போட்டபோது சந்திலிருந்து ஓடி வந்தாள். கையில் குழந்தை இல்லை. எனக்கு உயிர் வந்தது. ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

“கொழந்தைய வாங்கிக்கிட்டாங்கண்ணா. பேசல. சோறும் கட்டல.”

கட்டிங் பிரிவுப் பெண் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் பாதியைத் தள்ளி முன்னால் நீட்டினாள். நான் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஹைவேயில் ஏறினேன்.