மறுக்காமல் தின்ற சர்க்கரைப் பொங்கல்

வயிற்றுப்புண் முற்றி, இரைப்பையில் பாதிக்கு மேல் ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். கொரட்டூர் வீட்டுக்குத் திரும்பி மூன்று வாரமாகியும் எனக்குப் பசியும் இல்லை, ருசியும் தெரியவில்லை. யார் எதைக் கொடுத்தாலும் மறுக்கத் தோன்றாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என் நாத்தனார் மாங்காடு கோயிலிலிருந்து சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். "துரும்பா எளைச்சுட்டீங்க அண்ணி, சாப்டுங்க" என்று தட்டு நிறைய வைத்தாள். தின்று முடித்து ஒரு செம்பு தண்ணீரும் குடித்தேன்.

கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, நெஞ்சு படபடத்து, கண் இருட்டிச் சரிந்துவிட்டேன். "இன்னா அண்ணி, இன்னா பண்ணுது?" என்று அவள் அழுதாள். தையல் பிரிந்துவிட்டது, சாகப்போகிறேன் என்று நினைத்தேன். ஆனாலும் பயம் வரவில்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேனே என்று மட்டும் தோன்றியது.

ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தையலுக்கு ஒன்றுமில்லை. "இனிப்பு வயித்துல தங்காம நேரா குடல்ல எறங்கிடுச்சும்மா, அதான் இந்த மயக்கம். சாப்பாட்டோட தண்ணியும் குடிக்காதீங்க" என்றார் டாக்டர்.

இப்போது சின்னக் கிண்ணத்தில் ஆறு வேளை சாப்பிடுகிறேன். தண்ணீர் அரைமணி கழித்துத்தான். இனிப்பு யார் தந்தாலும் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுகிறேன். நாத்தனாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். பசி இன்னும் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட உட்காருகிறேன்.